ஏன் என்று கேட்காமல் எதையும் ஒட்டாதீர்கள்

எழுபதைத் தாண்டியவனிடம் யாரும் பொழுதுபோக்கு என்ன என்று கேட்பதில்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். என் மேசையில் இரண்டுக்கும் ஒரே பதில் இருக்கிறது. மாத்திரை அட்டையின் பின்பக்க அலுமினியத் தாளை உரித்து, நகத்தால் நீவி, ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கினால், முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்யும் டாங்கிக்கு அருமையான கித்தான் வார் கிடைத்துவிடுகிறது. மருந்துக்கடையில் வாங்கும் 0.8 மில்லிமீட்டர் ஊசியை முனை அரிந்து வைத்தால் இயந்திரத் துப்பாக்கியின் குழாய் தயார்.

புதுப்பட்டினத்தில், கடற்காற்று கேட்காமலே உள்ளே வரும் ஒரு வீட்டில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். உத்தியோக காலம் முழுக்க வரைபட மேசைதான் எனக்குச் சோறு போட்டது. ஓய்வுக்குப் பிறகும் கை சும்மா இருக்கவில்லை. பெட்டியில் வரும் பாகங்களைக் குறிப்புத்தாள் பார்த்து ஒட்டி முடிப்பது இந்தப் பொழுதுபோக்கில் ஒரு வகை. பெட்டியில் இல்லாததைக் கம்பி, தகடு, பிளாஸ்டிக் ஷீட், எம்-சீல் கொண்டு கையாலேயே செய்து சேர்ப்பது இன்னொரு வகை. ஸ்க்ராட்ச் வேலை என்பார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

இந்த வயதில் என்ன பொம்மை விளையாட்டு என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு பொருள் ஏன் அந்த இடத்தில், அந்த வடிவத்தில் இருக்கிறது என்று கேட்காமல் அதை ஒட்டக்கூடாது. அதே கேள்வியைக் கேட்காமல் எதையும் பிய்த்து எறியவும் கூடாது. இந்தப் பாடத்தை வேறு யாரும் எனக்கு இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தரவில்லை.

ஆவடியின் பிள்ளை

நான் செய்துகொண்டிருப்பது விஜயந்தா. இந்தியத் தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் முக்கியப் போர் டாங்கி. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961-ல் ஒப்பந்தம் போட்டு, ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையை எழுப்பி, 1965-ல் முதல் வண்டியை வெளியே ஓட்டிக் காட்டினார்கள். 1971 போரில் அது களம் கண்டது. எண்பதுகளின் தொடக்கம் வரை உற்பத்தி நடந்தது. பிறகு அதே ஆவடியில் டி-72 அஜேயா, அர்ஜுன், டி-90 பீஷ்மா என்று அடுத்தடுத்த தலைமுறைகள் வந்துவிட்டன. ஓய்வு பெற்ற விஜயந்தாக்கள் நாட்டின் பல ராணுவ வளாக வாசல்களில் பீடம் ஏறி நிற்கின்றன. அகமதுநகரில், அதாவது இன்றைய அகில்யாநகரில், 1994-ல் தொடங்கப்பட்ட குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகத்திலும் அதைப் பார்க்கலாம்.

ஷெர்மனும் டைகரும் டி-34உம் கடையில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். விஜயந்தாவுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. ஆனால் அதன் சொந்தபந்தங்களைத் தெரிந்துவைத்திருந்தால் வழி பிறக்கும். அதன் 105 மி.மீ. பீரங்கி, செஞ்சுரியன் டாங்கியின் பிந்தைய வகைகளில் இருந்த அதே எல்-7. எஞ்சின், பிரிட்டனின் சீஃப்டன் டாங்கியில் இருந்த லேலண்ட் எல்-60. ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக ஓடுகிற வகை. ஆகப் பீரங்கியைச் செஞ்சுரியன் பெட்டியிலிருந்து இரவல் வாங்கலாம். உடலையும் மேலே சுழலும் டரட்டையும் காகிதத்தில் வரைந்து, பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி எழுப்ப வேண்டியதுதான்.

முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்ற இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிரிப்பு வரும். வரைபடக்காரன் எவனும் இந்த விகிதத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டான். இருபதோ, நாற்பதோ, ஐம்பதோ என்றுதான் போவான். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்து ஓடும் ஒரு பான்தர் டாங்கியைச் செய்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரிகளும் அடங்க எவ்வளவு இடம் வேண்டுமோ அந்த இடத்துக்கு உடலைச் செய்தார்கள். அளந்து பார்த்தபோது அது சுமார் முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது. பொம்மை நன்றாக விற்றது. இன்று உலகம் முழுவதும் டாங்கி மாதிரிகளுக்கு அதுவே நிலையான அளவு. பேட்டரி வைக்க ஒதுக்கிய இடம் உலக வழக்கமாகிவிட்டது. நாம் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடும் பல விதிகளின் பூர்வீகத்தைத் தோண்டிப் பார்த்தால் இப்படியொரு பேட்டரி கிடைக்கும். அதற்காக அந்த விதியை ஏளனம் செய்ய வேண்டாம். அது வானத்திலிருந்து விழுந்தது என்று நம்பவும் வேண்டாம்.

துளைக்கும் ஒரு வேலை

விஜயந்தாவின் பீரங்கிக் குழாய் நடுவில் கொஞ்சம் பருத்திருக்கும். சின்னப் பையன்கள் வரையும் டாங்கிப் படங்களில்கூட அந்தப் பருமன் இருக்கும். ஆனால் எதற்கு என்று கேட்டால் பெரியவர்களுக்கும் தெரியாது. குண்டு வெடித்துப் போன பிறகு குழாய்க்குள் நச்சுப் புகை தேங்கி நிற்கும். அடுத்த குண்டைப் போடப் பின்பக்கத்தைத் திறந்தால் அந்தப் புகை மூடிய டரட்டுக்குள் இருக்கும் ஆட்களின் முகத்தில் அடிக்கும். அதைத் தடுக்கத்தான் அந்தப் பருத்த அறை. குண்டு கடக்கும்போது அழுத்தமான வாயுவில் கொஞ்சம் சிறு துளைகள் வழியாக இந்த அறைக்குள் நுழைந்து சேர்ந்துகொள்கிறது. குண்டு வெளியேறிக் குழாயில் அழுத்தம் குறைந்ததும், சேர்ந்த வாயு குழாய் வாயை நோக்கிச் சாய்ந்த துளைகள் வழியாகப் பாய்ந்து வெளியேறுகிறது. போகிற போக்கில் பின்னால் நிற்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. நாலு பேர் மூச்சு விடுவதற்காக இருக்கும் பாகம் அது. இது தெரிந்தவன் அந்தப் பருமனை வெறும் அலங்கார உருளையாக இழைக்க மாட்டான். அதன் இரு முனைகளும் குழாயோடு எப்படிச் சேர்கின்றன என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை படத்தைப் பார்ப்பான்.

பீரங்கிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய துளை இருக்கிறது. பின்வைஸில் மெல்லிய டிரில் பிட்டைப் பொருத்தி, இரண்டு விரலால் திருகித்தான் அதைப் போட முடியும். அது 12.7 மி.மீ. ரேஞ்சிங் துப்பாக்கிக்கான வழி. அந்தக் காலத்தில் எதிரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று அளக்க லேசர் கிடையாது. முதலில் இந்தத் துப்பாக்கியால் ஒளிவிட்டுச் செல்லும் தோட்டாக்களைச் சுடுவார்கள். அவை இலக்கில் பட்டால் தூரம் சரி என்று அர்த்தம், உடனே பீரங்கி பேசும். பின்னாளில் லேசர் தூரமானி வந்தது. ரேஞ்சிங் துப்பாக்கி உலகெங்கும் வழக்கொழிந்தது. ஆகவே அந்தத் துளையை நான் போடுவதா வேண்டாமா என்பது, நான் எந்தக் காலத்து வண்டியைச் செய்கிறேன் என்பதைப் பொறுத்தது. காரணம் செத்துப்போனால் பாகமும் போகும். இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் இதற்கு வருவேன்.

எங்கள் பக்கத்துத் தெருவில், கவசப் படையில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். தெருவில் அவருக்குப் பெயரே தபேதார்தான். மாலையில் காய்கறிப் பையோடு இந்தப் பக்கம் வந்தால் மேசையை ஒரு பார்வை பார்க்காமல் போகமாட்டார். புத்தகத்தில் கிடைக்காத காரணங்கள் எல்லாம் அவர் வாயிலிருந்துதான் எனக்கு வந்தன. இழுவைக் கேபிளை எப்படி வைப்பது என்று அவரிடம் கேட்டேன்.

“ஒரு முனைய கொக்கியில மாட்டியே வெச்சிருப்போம் சார். வண்டி எங்கயாவது சேத்துல மாட்டி நின்னுடுச்சின்னா வெளிய எறங்கி நிக்கிற நேரம்தான் ஆபத்து. ஒரு முனை மாட்டியிருந்தா பாதி நேரம் மிச்சம்.”

அதற்குப் பிறகு அவரே வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சாகல் எங்க சார்?”

வடநாட்டு வெயிலில் வண்டிகளின் வெளிப்புறம் தொங்கும் கித்தான் தண்ணீர்ப் பைதான் சாகல். துணி வழியே தண்ணீர் கசிந்து ஆவியாக ஆவியாக உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்ந்துவிடும். வெளிநாட்டுப் பெட்டி எதிலும் இந்தப் பை வராது. டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த பெவிகாலில் நனைத்து மடித்து ஒன்று செய்து தொங்கவிட்டேன். வர்ணம் பூசும்போது தபேதார் மறுபடி ஒன்று சொன்னார்: “மேல வெளுத்திருக்கும், கீழ ஈரமா கருத்திருக்கும். வறண்ட சாகல்னா உள்ள தண்ணி இல்லேன்னு அர்த்தம்.” சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத பைக்கு அடிப்பாகத்தில் ஒரு சொட்டுக் கருமை கூட்டினேன். தண்ணீர் இருக்கும் பையாயிற்று.

மனிதர்களிடமும் இப்படித்தான் பழகக் கற்றுக்கொண்டேன். ஒருவர் எப்போதும் அரை மணி நேரம் முன்னதாகவே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கிறார், ஒருவர் எவ்வளவு வசதி வந்தும் சட்டைப் பையில் பணத்தை இரண்டாகப் பிரித்தே வைக்கிறார், ஒரு அம்மா சாப்பிட வந்தவரிடம் வேண்டுமா என்று கேட்காமல் நேராக இலையில் வைக்கிறார் என்றால் நாம் சட்டென்று அதைக் கிறுக்கு என்கிறோம். விசாரித்துப் பாருங்கள். தவறவிட்ட ஒரு பஸ், பறிபோன ஒரு சம்பளம், கேட்டதற்குக் கூச்சப்பட்டு வேண்டாம் என்று சொல்லிப் பசியோடு போன ஒரு விருந்தாளி என்று எங்கோ ஒரு காரணம் உட்கார்ந்திருக்கும். காரணம் தெரிந்தபின் அந்தப் பழக்கத்தை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஆளை ஏளனம் செய்வது மட்டும் நின்றுவிடும்.

எதை விடுவது

காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் செய்துவிட முடியுமா? முடியாது. இங்கேதான் கணக்கு குறுக்கே வருகிறது.

விஜயந்தாவின் உடல் சுமார் 7.9 மீட்டர் நீளம்; என் மேசையில் அது இருபத்திரண்டரை சென்டிமீட்டர். அகலம் சுமார் 3.2 மீட்டர்; இங்கே ஒன்பது சென்டிமீட்டர். ஐந்தே முக்கால் அடி ஆள் ஐந்து சென்டிமீட்டர் பொம்மையாகிறான். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் 2 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு இங்கே 0.06 மில்லிமீட்டர் கூட வராது. நாம் எழுதும் வெள்ளைத்தாளே 0.1 மில்லிமீட்டர். சாதாரணமாகக் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் கால் மில்லிமீட்டர். அதில் மட்கார்டு செய்தால் நிஜ வண்டியில் அது கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் கனத் தகடாகிவிடும். பார்க்கிறவர்களுக்குக் கணக்கு தெரியாது, ஆனால் ஏதோ தடித்துப்போயிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால் மட்கார்டின் ஓரத்தை மட்டும் எமரி பேப்பரில் உள்பக்கமாகச் சரித்து இழைக்கிறோம். கண்ணுக்குப் படும் விளிம்பு மெல்லியதாகிவிடும்; உள்ளே தடித்திருப்பதை யாரும் பார்க்கப்போவதில்லை. வளைந்து நசுங்கிய மட்கார்டு வேண்டுமென்றால் குளிர்பான அலுமினியக் கேனை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். அதன் சுவர் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். 24 மில்லிமீட்டர் போல்ட் தலை 0.7 மில்லிமீட்டர், அதைச் செய்யலாம். அந்தத் தலையில் பொறித்திருக்கும் எழுத்தைச் செய்ய முடியாது. செய்தாலும் அழுக்குப்போலத்தான் தெரியும்.

ஆக, ஒவ்வொரு மாதிரியும் விட்டுவிடுதல்களின் பட்டியல்தான். எதை விடுவது என்று எப்படி முடிவெடுப்பது? இதற்கு எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையை வடிவமைத்த காலத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அதன் உட்பகுதிக்குக் கால் பங்கு அளவில் ஒரு மாதிரி செய்தார்கள். சாம்ராட் என்று அதற்குப் பெயர். நிஜ உலையில் ஓடுவது உருகிய சோடியம். காற்றும் தண்ணீரும் பட்டால் எரியும் சாமான், அதற்குள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கவும் முடியாது. மாதிரியில் ஓடவிட்டது தண்ணீர். திரவம் எப்படிச் சுழல்கிறது, எங்கே தேங்குகிறது, மேற்பரப்பு எப்படி அலைகிறது என்பதுதான் அங்கே கேள்வி. அந்தக் கேள்விக்கு வேண்டிய விகிதங்கள் பொருந்தியிருந்தால் தண்ணீரே சோடியத்துக்காகச் சாட்சி சொல்லும். அணுப்பிளவும் அங்கே இல்லை, கதிரியக்கமும் இல்லை. ஆனாலும் அது முழுமையான மாதிரிதான்.

என் டாங்கிக்கும் அப்படி ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன்: இந்த வண்டியில் மனிதர்கள் எப்படி இருந்தார்கள்? கால் வைத்து ஏறும் இடம், கை பிடிக்கும் வளையம், மூடியின் உள்பக்க மெத்தை, தலை இடிக்கக்கூடிய விளிம்பு, தண்ணீர்ப் பை, கேபிள் இவற்றையெல்லாம் செய்கிறேன். எஞ்சின் அறைக்குள் இருக்கும் குழாய்களை விட்டுவிட்டேன். இன்னொருவர் எஞ்சினைக் கேள்வியாக வைத்துக்கொண்டால் மூடிகளைத் திறந்துவைத்து, எதிரெதிர் பிஸ்டன் எஞ்சினைச் செய்யட்டும். இரண்டும் நல்ல மாதிரிகளே. கேள்வியே இல்லாமல் கண்ணில் பட்டதையெல்லாம் ஒட்டினால்தான் வண்டி சாமான் கடை ஆகிவிடுகிறது. ஓய்வுக்குப் பிறகு நாலு சங்கத்தில் பொறுப்பு, மூன்று வாட்ஸ்அப் குழு, எல்லாக் கல்யாணத்திலும் தலை காட்டல் என்று ஓடி மூச்சு வாங்கும் என் வயதுக்காரர்களைப் பார்த்தால் இதைத்தான் சொல்கிறேன்: ஐயா, இனி மிச்சமிருக்கும் நாளுக்கு உங்கள் கேள்வி என்ன? அதற்கு உதவாததை விடுங்கள்.

கல்லில் கூரை

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு எதிர்வாதம் வரும். உன் டாங்கி ஓடாது, சுடாது, சாகலில் தண்ணீர் இல்லை. பிறகு எந்தப் பாகத்துக்கு என்ன காரணம்? சரியான கேள்வி. பதில் வடக்கே பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

மாமல்லபுரத்தின் ஐந்து ரதங்கள் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கியவை. திரௌபதி ரதத்தைப் போய்ப் பாருங்கள்: வேய்ந்த குடிசையின் கூரை, கல்லில். பீம ரதத்தின் கூரை நீண்ட வண்டிக்கூண்டின் வளைவு. மற்றவற்றில் கபோதம் எனும் வளைந்த இறவானம், அதன் மேல் கூடு எனும் லாட வடிவ வளைவுகள். மரமும் மூங்கிலும் ஓலையும் கொண்டு கட்டியபோது இவை ஒவ்வொன்றுக்கும் வேலை இருந்தது. இறவானம் மழைநீரைச் சுவரிலிருந்து தள்ளி விழவைத்தது, கூட்டின் வழியே வெளிச்சமும் காற்றும் வந்தன. கல்லுக்கு வந்தபின் அந்த வேலைகளில் பெரும்பாலானவை தீர்ந்துபோயின. ஒற்றைப் பாறைக்கு ஓலைக் கூரை எதற்கு? ஆனாலும் செதுக்கினார்கள். வேலை போய்விட்டாலும், அந்த வேலையின் நினைவு ஒரு காரணமாக நின்றது. அந்த மரக் கட்டடங்கள் எல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட்ட பிறகு, அவை எப்படி இருந்திருக்கும் என்று இன்று நமக்குக் காட்டுபவை இந்தக் கல் மாதிரிகளே.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ரதங்களில் பலவற்றின் வேலை முடியவில்லை. மேலே நுணுக்கமாக இருக்கும், கீழே வரவரப் பாறை பாறையாகவே நிற்கும். ஆனால் முழு உருவத்தின் விகிதம் எங்கும் பிசகவில்லை. சிற்பிகளின் முறையே அதுதான். முகத்தின் நீளத்தை அலகாக வைத்துக்கொண்டு முழு உடலையும் பிரிக்கும் தாலமானக் கணக்கு முதலில். நகமும் நகையும் கடைசியில். விகிதம் சரியான உருவம் பாதியில் நின்றாலும் உருவம்தான். விகிதம் பிசகிய உருவத்துக்கு எத்தனை நகை பூட்டினாலும் பிசகு பிசகுதான். டாங்கியிலும் டரட்டின் சரிவு இரண்டு டிகிரி தவறிவிட்டால், அதன் மேல் நான் ஒட்டும் நூறு போல்ட்டும் அதைக் காப்பாற்றாது.

துருவும் தழும்பும்

வண்டியைக் கட்டி முடித்து வர்ணம் பூசிய பிறகு, அதைப் பழையதாக்குவது ஒரு கலை. இளைஞர்களுக்கு இதில்தான் ஆசை அதிகம். தூரிகையை எடுத்ததும் எங்கு பார்த்தாலும் துருவைப் பூசிவிடுவார்கள்.

துருவைப் பற்றி எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி, கேட்டுக் கீல், ஸ்கூட்டர் சைலன்ஸர் எல்லாம் எங்களுக்குத் தினமும் வகுப்பு நடத்துகின்றன. துரு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வராது. தண்ணீர் நின்று வடியும் மூலையில் தொடங்கும்; வர்ணம் மெலிந்திருக்கும் விளிம்பில் தொடங்கும்; இரண்டு தகடு சேரும் இடுக்கில் தொடங்கும். வெல்டிங் மடிப்புக்குக் கீழே கோடாக இறங்கும். அடிக்கடி கை படும் இடம் துருப்பிடிக்காது, மினுங்கும். டாங்கியிலும் அப்படியே. புகைபோக்கிச் சூட்டில் வர்ணம் நிற்காது, அங்கே துரு வரும். டிராக் மண்ணில் உரசும் முகம் வெள்ளியாக இருக்கும். ஆட்கள் ஏறி இறங்கும் விளிம்பில் வர்ணம் தேய்ந்திருக்கும். தினமும் துடைத்து எண்ணெய் போடும் பீரங்கிக் குழாயில் செந்துரு பூசினால், அந்த வண்டியின் ஆட்களைச் சோம்பேறிகள் என்று சொல்வதாகிவிடும்.

தழும்பு அதைவிடக் கவனமாகக் கையாள வேண்டியது. பையன் ஒருவன் தான் செய்த செஞ்சுரியனைக் கொண்டுவந்து காட்டினான். பக்கவாட்டில் கம்பியைச் சுடவைத்து மூன்று ஓட்டை போட்டிருந்தான். எதற்கு என்று கேட்டேன். “சூப்பரா இருக்கும்ல தாத்தா” என்றான். அவனை உட்காரவைத்து ஒரு செஞ்சுரியனின் கதையைச் சொன்னேன்.

1971 டிசம்பர் 16. பசந்தர் போர்க்களம். பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபால். வயது இருபத்தொன்று. அவர் வண்டிக்கு ஃபமகுஸ்தா என்று பெயர். வண்டி அடிபட்டுத் தீப்பிடித்த பிறகு, விட்டுவிட்டு வெளியேறு என்று உத்தரவு வந்தது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று சொல்லி, அவர் இறங்கவில்லை. மேலும் எதிரி டாங்கிகளை அடித்தார். அடுத்து விழுந்த அடியில் அந்த வண்டியிலேயே உயிரை விட்டார். பரம வீர சக்கரம் அவருக்குக் கிடைத்தது, அவர் இல்லாமல்.

பையன் பேசவில்லை. ஓட்டை போடாதே என்று நான் அவனிடம் சொல்லவில்லை. போடுவதானால் எந்த வண்டி, எந்த நாள், எங்கிருந்து வந்த அடி, உள்ளே யார் என்று தெரிந்துகொண்டு போடு என்றேன். தெரியாவிட்டால் எம்-சீல் வைத்து அடைத்துவிடு. மற்றவர் பட்ட காயம் நமக்கு அலங்காரம் ஆகக்கூடாது. இது டாங்கி செய்பவனுக்கு மட்டும் சொன்ன வார்த்தை இல்லை. அடுத்த வீட்டுத் துக்கத்தை உப்புக்காரம் சேர்த்துப் பேசும் எல்லாத் திண்ணைகளுக்கும் பொருந்தும்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்

ரேஞ்சிங் துப்பாக்கிக்குத் திரும்பி வருவேன் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு எங்கள் வீட்டில் ஒரு சமாச்சாரம் நடந்தது.

என் அம்மா இருந்தவரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டிலுள்ள பூட்டு, தாழ்ப்பாள், கீல் எல்லாவற்றுக்கும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவார். விளக்கேற்றிவிட்டு, அதே கையோடு செய்யும் வேலை. அவருக்குப் பின் என் மனைவி தொடர்ந்தாள். கோயம்புத்தூரிலிருந்து வந்த மருமகள் இதைப் பார்த்துவிட்டு, இது என்ன சாங்கியம் என்று கேட்டாள். மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் மருமகளிடம் உப்புக்காற்றைப் பற்றிச் சொன்னேன். வாரம் ஒரு தடவை எண்ணெய் விடாவிட்டால் இந்த ஊரில் பூட்டு இறுகிவிடும். மறந்துபோகாமல் இருக்க வெள்ளிக்கிழமை விளக்கோடு அதைச் சேர்த்துவிட்டார்கள். அவள் யோசித்தாள். “அப்படின்னா மாமா, நாம இப்ப மாத்தின அலுமினிய ஜன்னலுக்கு வேண்டாம். பித்தளைப் பூட்டுக்கும் இவ்வளவு வேண்டாம். கேட்டுக்கும் மொட்டைமாடிக் கதவுக்கும் மட்டும் போதும்” என்றாள்.

என் மனைவி கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, “பூஜை அலமாரித் தாழ்ப்பாளுக்கும் விடு. அது அத்தை கையால விட்டது” என்றாள். மருமகள் தலையாட்டினாள்.

அந்த அஞ்சு நிமிஷப் பேச்சில் மூன்று வகையும் வந்துவிட்டன. காரணம் உயிரோடு இருப்பது: கேட்டுக் கீல். அதைத் தொடர வேண்டும். காரணம் செத்துப்போனது: அலுமினிய ஜன்னல். ரேஞ்சிங் துப்பாக்கியைக் கழற்றியது மாதிரி, சண்டையில்லாமல் விட்டுவிட வேண்டும். காரணம் நினைவாக மாறியது: பூஜை அலமாரி. கல்லில் செதுக்கிய ஓலைக் கூரையை வைத்துக்கொண்டதுபோல, தெரிந்தே வைத்துக்கொள்ளலாம். வீடுகளில் நடக்கும் பாதிச் சண்டைகள் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால் வருபவை. பெரியவர்கள் செத்த காரணத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். சிறியவர்கள் உயிருள்ள காரணத்தைக் குப்பை என்று வீசுகிறார்கள். நினைவை நினைவு என்று சொல்ல இரண்டு தரப்புக்கும் கூச்சம்.

ஆகவே என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளைகள் “இது ஏன்?” என்று கேட்டால் அதை எதிர்ப்பேச்சு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காரணம் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், எங்கள் அப்பா செய்தார், நான் செய்கிறேன், ஏனென்று தெரியாது என்று சொல்லிவிடுங்கள். மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. இளைஞர்களுக்கும் ஒன்று. கேளுங்கள், ஆனால் பதில் வரும்வரை கையில் சுத்தியலை எடுக்காதீர்கள். தபேதாரைப் போல ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். அவர் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டின் அளவு புத்தகத்தில் கிடைக்கும். கேபிளின் ஒரு முனையை ஏன் மாட்டியே வைத்தார்கள் என்பது அதை மாட்டியவரிடம்தான் இருக்கிறது.